நோதருக்கு ஒரே வரிதானா?

சமச்சீரின் (ஒன்றை மாற்றினாலும் மாறாமல் நிற்கும் தன்மையின்) வரலாற்றைச் சொல்லும் உங்கள் கட்டுரையில் கணிதவியலாளர் கால்வாவின் துப்பாக்கிச் சண்டைக்கு மூன்று பத்தி, இன்னொரு கணிதவியலாளரான எம்மி நோதருக்கு ஒரே வரி. கொஞ்சம் உறுத்தியது. 1832-இல் 20 வயதில் செத்துப்போன கால்வாவின் கதை யாரையும் இழுக்கும், சரி. ஆனால் கடைசி இரவில்தான் எல்லாவற்றையும் எழுதினார் என்பது மிகை. முக்கிய முடிவுகளை அதற்கு முன்பே பாரிஸ் அகாதெமிக்கு அனுப்பியிருந்தார்.

ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு, கூட்டல், பெருக்கல் போன்ற கணக்குகளையும் வர்க்கமூலம் போன்ற மூலங்களையும் மட்டும் கொண்ட பொதுச் சூத்திரம் கிடையாது என்று கணிதவியலாளர் ஏபெல் 1824-லேயே காட்டிவிட்டார். கால்வா கேட்டது வேறு: சமன்பாட்டின் தீர்வுகளை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினால் எது மாறாமல் நிற்கிறது? கண்ணாடி பிம்பம், பூக்கோலம் என்றிருந்த சமச்சீர், கண்ணுக்குத் தெரியாத ஒன்றாக ஆனது இங்கேதான்.

நோதர் 1918-இல் வெளியிட்ட தேற்றம் இன்னும் ஆழமானது. இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றே என்றால் மொத்த ஆற்றல் மாறாது. இங்கும் அங்கும் ஒன்றே என்றால் உந்தம் மாறாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றே என்றால் கோண உந்தம் மாறாது. பள்ளியில் தனித்தனியாக மனப்பாடம் செய்த விதிகள் எல்லாம் சமச்சீர் என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை என்று தெரிந்த நாளில் எனக்குத் தூக்கமே வரவில்லை. அதைச் செய்தவரோ, பெண் என்பதால் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாமல், அங்கிருந்த கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட்டின் பெயரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அப்புறம், இயற்கை எப்போதும் சமச்சீரானது என்று முடித்திருக்கிறீர்கள். கோபால்ட்-60 அணுக்கருக்களை வைத்து இயற்பியலாளர் வூ செய்த சோதனை, சில அணுக்கருக்களைச் சிதையவைக்கும் மென்விசை இடவலச் சமச்சீரை மதிப்பதில்லை என்று 1957-லேயே காட்டிவிட்டதே!