பறவை பார்க்கப் பிற்பகலில் போனால் என்ன?

பறவை பார்ப்பதென்றால் விடியும்போதே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்று யாரும் எழுதிவைக்காத ஒரு விதி இருக்கிறது. காலையில்தான் பறவைகள் அதிகம் கத்தும், அதிகம் நடமாடும். சரி, மறுக்கவில்லை. ஆனாலும் நான் மூன்று மணிக்கு வயல் பக்கம் போகிற ஆள்.

காலையில் கண்ணும் காதும் அடுத்த பறவைக்குத் தாவிக்கொண்டே இருக்கும். பெயர் தெரிந்துவிட்டால் போதும், அந்தப் பறவை முடிந்தது. பிற்பகலில் அது நடக்காது. பாதிப் பறவைகள் நிழலில் அடங்கிக் கிடக்கும். நம்மாலும் ரொம்ப தூரம் நடக்க முடியாது. மரத்தடியில் உட்கார வேண்டியதுதான். அப்போதுதான் ஒரு பறவை என்ன செய்கிறது என்று பார்க்கவே ஆரம்பிக்கிறோம்.

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதனால்தான் வெயிலில் காகம் அலகைத் திறந்துகொண்டு மூச்சிரைக்கிறது. நீர்க்காகம் தொண்டையைப் படபடவென்று ஆட்டுகிறது. ஆள்காட்டி இன்னும் கெட்டிக்காரப் பறவை. வெட்டவெளியில், தரையிலேயே முட்டையிடும். வெயில் கடுமையானால் தண்ணீருக்குப் போய் அடிவயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். விடியற்காலை நடையில் இதைப் பார்க்க முடியுமா?

அப்புறம் பஞ்சுருட்டான். கம்பியிலிருந்து பாய்ந்து தேனீயைக் கவ்வும், பழைய இடத்துக்கே திரும்பும். உடனே விழுங்காது. கம்பியில் அடித்து, தேய்த்து, கொடுக்கின் விஷத்தைப் போக்கிய பிறகுதான் உள்ளே தள்ளும். இதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், எனக்கு அலுத்ததில்லை.

பருந்துகளுக்கும் இதுதான் நேரம். தரை சூடானால்தான் வெப்பக் காற்று மேலெழும். அதில் ஏறி, இறக்கை அசைக்காமலே வட்டமடிக்கும். அண்ணாந்து பார்க்கும்போது வாலைக் கவனியுங்கள்: நுனி நடுவில் உள்வாங்கியிருந்தால் கரும்பருந்து, வட்டமாக இருந்தால் செம்பருந்து. இளம் செம்பருந்தும் பழுப்பாகத்தான் இருக்கும் என்பதால் நிறத்தை நம்பி ஏமாறாமல் இருக்க இது உதவும். கூடு கட்டும் காலமென்றால் அந்தப் பருந்தையே கரிச்சான் என்கிற இரட்டைவால் குருவி துரத்துவதையும் பார்க்கலாம். அந்த முரட்டுத்தனத்தால்தான் சில சின்னப் பறவைகள் கரிச்சான் இருக்கும் மரத்திலேயே கூடு கட்டுகின்றன.

பார்த்த பறவைகளைப் பட்டியல் போடுவதை நான் கேலி செய்யவில்லை. பறவைப் பதிவுகளுக்காக 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் சாதாரண மனிதர்கள் ஏற்றிய பட்டியல்கள்தான் இன்று ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கின்றன. என் குறை வேறு. பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வரி, அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுகிறவர்கள் குறைவு. ‘கரிச்சான் – 2’ என்பதைவிட ‘மாட்டின் முதுகில் உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடித்தது’ என்பது எவ்வளவோ மேல்.

போகிறவர்களுக்கு: எட்டு மடங்கு பைனாகுலர் போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். கானல் அலையில் தூரத்துக் காட்சியும் கலங்கும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நடங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். ஆள்காட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். படம் எடுக்க நின்றுவிடாமல், காலடியைப் பார்த்தபடி வந்த வழியே விலகிவிடுங்கள். அந்த வெயிலில் முட்டையை விட்டு அது எழுந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்துதான்.