இங்கிலாந்துல டீ கடத்தல ஒழிச்சது கட்டர் கப்பல் இல்ல, வரிக்குறைப்பு
சுங்கத்துறை வெச்சிருந்த கட்டர்ங்கற வேகமான பாய்மரக் கப்பல்களாலதான் இங்கிலாந்துல டீ கடத்தல் ஒழிஞ்சுதுன்னு கட்டுரையில எழுதியிருக்கறத என்னால ஒத்துக்க முடியல, ஏன்னா கடத்தல்காரங்க கிட்டயும் அதே ஒத்தப் பாய்மர கட்டர்தான் இருந்துச்சு, அதனாலதான் கப்பலோட முன்முனையில நீளமா நீட்டி நிக்கிற பௌஸ்ப்ரிட் மரம், தனியார் கப்பல்ல கப்பல் நீளத்துல மூணுல ரெண்டு பங்குக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டமே போட்டாங்க, அந்த மரம் நீண்டாதான முன்னாடி பெரிய பாய் கட்டி வேகம் எடுக்க முடியும். பிடிபட்ட படகுகள மூணு துண்டா அறுத்தும் போட்டாங்க, அப்பவும் ஆளுங்க அடங்கல. டீ விஷயத்துல நிஜமா வேலை செஞ்சது 1784ல அப்போதைய பிரதமர் பிட் கொண்டு வந்த வரிக்குறைப்பு, 119 சதவீதத்துல இருந்து ஒரேயடியா 12.5 சதவீதம், அதுக்கப்புறம் உயிரப் பணயம் வெச்சு டீ கொண்டு வர்றதுல என்ன லாபம் இருக்கு சொல்லுங்க? மேல கமெண்ட்ல ஒருத்தர் அப்ப கட்டரே வேஸ்ட்டான்னு கேட்டிருக்கார், அப்படி இல்லங்க. பிராந்திக்கு வரி அதிகமாவே இருந்ததால அந்தக் கடத்தல் அப்புறமும் ரொம்ப வருஷம் ஓடுச்சு, அத தடுக்க கட்டர் தேவைப்பட்டுச்சு. கடத்தல்காரங்க சின்னச் சின்ன பீப்பாய்கள வரிசையா கயித்துல கட்டி, கல்லு வெச்சு கரைக்குப் பக்கத்துலயே கடலடியில இறக்கிட்டு போயிடுவாங்க, சுங்கத்துறை ஆளுங்க படகுல வந்து இரும்புக் கொக்கிய அடியில போட்டு இழுத்து இழுத்து தேடணும், மாட்டினா கயித்தோட மொத்தமும் மேல வரும். பிடிச்ச சரக்குல சுங்கத்துறை ஆளுங்களுக்கும் பங்கு இருந்துச்சு, அதையும் கட்டுரையில சொல்லியிருக்கணும்.