டிஸ்சார்ஜ் ஆன பிறகு யார் பார்ப்பது?

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட 80 வயதுப் பாட்டியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தையல் ஆறிவிட்டது, ரிப்போர்ட் எல்லாம் நார்மல். சரி, ராத்திரி கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா? மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்க அந்த விரல்களால் முடியுமா? பல இடங்களில் இதை யாரும் கேட்பதில்லை. கேட்பது யாருடைய வேலை என்பதே முடிவாகவில்லை. பாட்டி மறுபடி விழுந்து வந்தால் அது புது கேஸ்.

மருத்துவர்கள் மீதோ செவிலியர்கள் மீதோ எனக்குக் கோபம் இல்லை. சிகிச்சையை ஒரு துறைக்கும் பராமரிப்பை வேறொரு துறைக்கும் பங்குபோட்டுக் கொடுத்த ஏற்பாட்டின் மீதுதான் கோபம். பிரிட்டனில் 1948இல் தேசிய சுகாதார சேவை வந்தபோது சிகிச்சை எல்லோருக்கும் இலவசமானது. முதியோர் பராமரிப்போ உள்ளாட்சிகளிடம் போனது. இங்கிலாந்தில் இன்றும் அந்த உதவி வருமானம், சொத்து பார்த்துத்தான். உடம்பு தேறியும் வீட்டில் உதவிக்கு ஏற்பாடாகாமல் வார்டிலேயே காத்துக் கிடக்கிறார்கள் பலர். அந்தப் படுக்கை காலியாகாமல் அவசரப் பிரிவில் காத்திருப்பவர்கள் இன்னொரு பக்கம்.

நெதர்லாந்தில் வீட்டுப் பராமரிப்பையே துண்டு துண்டாக்கி வைத்திருந்தார்கள். ஊசி போட ஒருவர், குளிப்பாட்ட இன்னொருவர், எல்லாம் நிமிடக் கணக்கு. யோஸ் டி பிளாக் என்ற செவிலியர் 2006இல் தொடங்கிய ‘பியூர்ட்சோர்க்’ என்ற வீட்டுப் பராமரிப்பு அமைப்பு அதை மாற்றியது. ஒவ்வொரு குழுவிலும் அதிகபட்சம் 12 செவிலியர்கள், மேலே மேலாளர் கிடையாது. ஒரு வட்டாரத்து நோயாளிகளை அவர்களே முழுசாகப் பார்த்துக்கொள்வார்கள். கட்டு மாற்றப் போகிறவரே குளிக்கவும் உதவுவார், பக்கத்து வீட்டில் யார் கைகொடுப்பார்கள் என்றும் விசாரித்து வைப்பார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். திரும்பத் திரும்ப அதே சில முகங்கள் வரும்போதுதான் நோயாளி மனம்விட்டுப் பேசுவார்.

இதற்கெல்லாம் செலவாகுமே என்பார்கள். ஆகட்டும். இப்போது மட்டும் செலவு இல்லையா? வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த மகளின் சம்பளம் எந்த பட்ஜெட்டிலும் வருவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைச் செய்யலாம். டிஸ்சார்ஜ் தாளில் இன்னொரு வரி சேருங்கள்: வீட்டில் இவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது, அவருடைய போன் நம்பர் என்ன. அது நிரம்பாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மகள் பெயரைக் கேட்காமலே எழுதி அந்த வரியை நிரப்பவும் கூடாது.