வேர்த்து ஊத்த எண்ணூறு ரூபாய்

போன மாதம் ராமநாதபுரத்தில் ஓர் இடத்தில் நீராவிக் குளியல் எடுத்தேன். தலை மட்டும் வெளியே தெரியும்படி மரப்பெட்டிக்குள் உட்காரவைத்து மூடிவிட்டார்கள். எண்ணூறு ரூபாய். சித்திரையில் மண்டபம் பஸ் ஸ்டாப்பில் அரைமணி நேரம் நின்றால் சும்மா கிடைக்கிற வேர்வைக்கா இவ்வளவு என்று வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

உள்ளே போகும்முன் எடை பார்த்தார்கள், வந்தபின்னும் பார்த்தார்கள். அரைக் கிலோ குறைவு. "கெட்ட நீர் எல்லாம் இறங்கிடுச்சு சார்" என்றார் அங்கிருந்த தம்பி. வெளியே வந்து இரண்டு இளநீர் குடித்தேன், இறங்கிய அரைக் கிலோ ஏறிவிட்டது. வேர்வை என்பது பெரும்பாலும் தண்ணீர், கொஞ்சம் உப்பு. கழிவைப் பார்த்துக்கொள்ளக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. வேர்வை இருப்பது உடம்பைக் குளிர்விக்க. ஆவி நிறைந்த பெட்டிக்குள் அது காயவே காயாது என்பதால் அந்த வேலையும் நடப்பதில்லை.

இதில் அவர்கள் கேட்காததும் நான் சொல்லாததும் ஒன்று உண்டு. அன்று காலை பிரஷர் மாத்திரை போட்டிருந்தேன். பெட்டியைவிட்டு எழுந்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. சூட்டில் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். மாத்திரை வேறு இறக்கும். சட்டென்று எழுந்தால் மூளைக்கு ரத்தம் போதாது. தம்பி பிடிக்காவிட்டால் தரையில்தான் கிடந்திருப்பேன்.

அதற்காக நான் வேது பிடிப்பதற்கு, அதாவது ஆவி பிடிப்பதற்கு, எதிரி இல்லை. எங்கள் அப்பத்தா பாம்பன் பக்கம் பாசி எடுக்கப் போனவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு காலையில் கடலில் இறங்கினால் மத்தியானம் வரை முங்கி முங்கி எழ வேண்டும். கரையேறும்போது விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கி, முதுகு பலகையாக இறுகியிருக்கும். ராத்திரி நொச்சி இலை போட்டுக் கொதித்த பானை, மேலே ஒரு போர்வை. அப்புறம் இடுப்பில் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றச் சொல்வார். கெட்ட நீர் இறங்குகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "இன்னைக்கித் தூக்கம் வரும்டா" என்பார், அவ்வளவுதான். அப்பத்தா சொன்னதில் ஒரு சொல் கூடுதலில்லை. வெந்நீரில் தசை தளரும், வலி கொஞ்சம் அடங்கும், தூக்கம் வரும்.

உடனே யாராவது பின்லாந்து ஆய்வைக் கொண்டுவருவீர்கள், தெரியும். 2015-இல் வந்தது, 2,315 நடுத்தர வயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்தார்கள். வாரத்துக்கு நான்கு முதல் ஏழு முறை சவுனா என்கிற சூட்டறைக் குளியலுக்குப் போனவர்களிடம் திடீர் இதயச் சாவு குறைவாக இருந்தது. உண்மைதான். ஆனால் அது வறண்ட சூடு, நம் ஆவிப்பெட்டி இல்லை. அடிக்கடி போக முடிந்தவர்கள் முதலிலேயே ஆரோக்கியமானவர்களா என்ற கேள்வியும் இருக்கிறது.

காலையில் வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லும் வாட்ஸ்அப் வைத்தியத்தைப் பற்றி என்ன சொல்ல! நம் ஊரில் பெண்கள் தள்ளுவண்டியில் குடம் அடுக்கி ஊற்றுத் தண்ணீருக்கு அலைகிறார்கள். தாகத்துக்குக் குடிங்கப்பா.

சளி பிடித்த பிள்ளைகளைக் கொதிக்கும் பானைமுன் உட்காரவைக்காதீர்கள், அது மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பானை கவிழ்ந்தால் வெந்துபோகும்.

ஐந்து தடவைக்குச் சேர்த்து என் தலையில் கட்டியதில் இன்னும் நான்கு கூப்பன் பாக்கி இருக்கிறது. பிரஷர் மாத்திரை போடாதவர்கள் மட்டும் இன்பாக்ஸுக்கு வாங்க.