பிள்ளையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாரிடம் கேட்பது?

நான்கு வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாத இரவு. ஒன்பதரை மணி இருக்கும். சித்தி போன் செய்தார். "தம்பியை யாரோ இரண்டு பேர் பைக்கில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போலீஸ் என்று சொன்னார்களாம். எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லையாம்." அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை. சித்தியின் மகன் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறவன். கடை அடைக்கிற நேரத்தில் வந்து, "ஒரு சின்ன விசாரணை, பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுகிறோம்" என்று சொல்லி அழைத்துப் போயிருக்கிறார்கள்.

நானும் சித்தியும் அந்த இரவில் மூன்று காவல் நிலையங்கள் ஏறி இறங்கினோம். முதல் நிலையத்தில் இல்லை என்றார்கள். இரண்டாவதில், குற்றப்பிரிவில் போய்க் கேளுங்கள் என்றார்கள். குற்றப்பிரிவுக் கதவு பூட்டியிருந்தது. மூன்றாவதில் ரைட்டர் தலையை நிமிர்த்தாமலே கையை ஆட்டினார். வேறு வழி தெரியாமல் முதல் நிலையத்துக்கே திரும்பினோம். மணி ஒன்றே முக்கால். பாராவில் நின்றவர், "அம்மா, அப்போதே சொன்னேனே, அப்படி யாரும் இங்கே இல்லை" என்றார்.

சித்தி அவருக்குப் பதில் சொல்லவில்லை. வாசற்படியின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஏழெட்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. அவற்றில் ஒன்றின் வலது கால் வார் நீல நைலான் நூலால் தைக்கப்பட்டிருந்தது. முந்தைய வாரம் சந்தைக்குப் போனபோது சித்தியே கொடுத்துத் தைத்து வாங்கிவந்த செருப்பு அது. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். விடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே, சுவரில், ஒரு கரும்பலகை இருந்தது. வெள்ளை பெயின்டில் கோடு போட்டு, பெயர், முகவரி, குற்றத்துக்கான சட்டப்பிரிவு, கைது செய்த அதிகாரி என்று தலைப்புகள் அழகாக எழுதியிருந்தார்கள். கட்டங்கள் காலி. சாக்பீஸ் பட்ட தடமே இல்லை. அந்தப் பலகை எதற்காக அங்கே இருக்கிறது என்று அன்று எனக்குத் தெரியாது. பிறகு தேடிப் படித்தபோது வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1986ஆம் ஆண்டு மேற்கு வங்கத்திலிருந்து டி.கே. பாசு என்பவர் லாக்கப் மரணங்களைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கைது செய்யும்போது காவல்துறை கடைப்பிடிக்க வேண்டியவை என்று பதினொரு கட்டளைகளை நீதிமன்றம் எழுதி வைத்தது. கைதுக் குறிப்பாணை அந்த இடத்திலேயே தயாராக வேண்டும். குடும்பத்தாரோ, அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். நாளும் நேரமும் அதில் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பலகையைப் பற்றிச் சொல்வது பதினொன்றாவது கட்டளை. கைதான 12 மணி நேரத்துக்குள், ஆள் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்ற தகவல் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கே எல்லோர் கண்ணிலும் படும்படி பலகையில் ஏற வேண்டும்.

இது பிறகு சட்டமாகவும் ஆனது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம் 41சி பிரிவைச் சேர்த்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 37ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் உதவி சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத ஓர் அதிகாரி இதற்கென்றே பொறுப்பாக இருக்க வேண்டும். கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவை நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் வெளிப்படையாகத் தெரிய வேண்டும். டிஜிட்டல் முறையிலும் காட்டலாம். 48ஆவது பிரிவு, கைது செய்தவுடன் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்வதைக் கட்டாயக் கடமையாக்குகிறது. அப்படிச் சொன்னதை நிலையத்தில் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்கவும் வேண்டும்.

சட்டத்தில் எல்லாமே இருக்கிறது. பிறகு எப்படி ஒரு தாய் செருப்பைப் பார்த்து மகனைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது?

'விசாரணை' என்ற சொல்தான் ஓட்டை. கைது என்று எழுதினால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆவது பிரிவே சொல்கிறது. விசாரணை என்று வாயால் சொல்லிவிட்டால் பதிவேட்டில் பெயர் இல்லை, பலகையில் பெயர் இல்லை, நேரமும் இல்லை. எங்கள் தம்பியின் கைதுக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? மறுநாள் காலை ஏழு மணிக்கு, பஸ் நிலையம் அருகே கைது. அந்த ஏழு மணிக்குச் சித்தி அவனுடைய செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவனை அடிக்கிற சத்தம் கேட்டது என்று பிற்பாடு ஒரு நாள் என்னிடம் சொன்னார். ஒரே ஒரு முறைதான் சொன்னார். திருட்டுப் போன் ஒன்று பழுது பார்க்க வந்ததுதான் விஷயம். எட்டு மாதம் கழித்து வழக்கிலிருந்து அவன் பெயரையே நீக்கிவிட்டார்கள்.

சாத்தான்குளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜும் பென்னிக்ஸும் காவல் நிலையத்துக்குள் இருந்தபோது, அவர்களுக்கு வேண்டியவர்கள் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தும் காப்பாற்ற முடியவில்லை. எங்கே என்றே தெரியாவிட்டால் நிலைமை என்ன என்று நினைத்துப் பாருங்கள்.

முந்தைய தலைமுறை வழக்கறிஞர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆளைத் தூக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் முதலில் தந்தி ஆபீசுக்கு ஓடுவார்கள். கலெக்டருக்கு ஒன்று, எஸ்.பி.க்கு ஒன்று, நீதிபதிக்கு ஒன்று. தந்தியில் அச்சாகும் நேரம் இருக்கிறதே, அதுதான் ஆயுதம். மறுநாள் காலை ஏழு மணிக்குக் கைது என்று எழுதினால், முந்தைய இரவு பத்து மணித் தந்தி நீதிமன்றத்தில் எதிரே நிற்கும். 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடியபோது பலர் அதைப் பழைய நினைவாக எழுதினார்கள். ஏழைக் குடும்பங்களின் கையிலிருந்து ஒரு கேடயம் போனதை அதிகம் பேர் எழுதவில்லை. இப்போது மின்னஞ்சல் இருக்கிறது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும் அந்த நிமிடமே இரண்டு வரி அனுப்புங்கள். யாரை, எங்கிருந்து, எத்தனை மணிக்கு, எந்த எண் வண்டியில் என்று எழுதினால் போதும். 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அன்று இரவு எனக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது.

நண்பர்கள் சிலர், அமெரிக்காவில் இருப்பதுபோல எல்லாவற்றையும் இணையத்தில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள். அங்கே பல கவுன்டிகளில், அதாவது நம் மாவட்டம் போன்ற பகுதிகளில், ஷெரிப் என்னும் காவல் அதிகாரியின் அலுவலக இணையதளத்தில் பெயரைத் தட்டினால், எந்தச் சிறை, எத்தனை மணிக்குக் கொண்டுவந்தார்கள், என்ன குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எவ்வளவு என்று வந்துவிடுகிறது. அந்த நேரக் குறிப்பு எனக்கும் வேண்டும். ஆனால் கூடவே முகப்படமும் வருகிறது. அந்தப் படங்களை அள்ளிக்கொண்டுபோய்த் தங்கள் தளத்தில் போட்டு, நீக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று தொழில் நடத்தியவர்கள் உண்டு. ஜார்ஜியா 2013இலும் கலிபோர்னியா 2014இலும் அதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டியதாயிற்று. குற்றம் நிரூபிக்கப்படும் முன்பே ஒருவருடைய முகம் உலகம் முழுக்கச் சுற்றிவிட்டால், விடுதலையானாலும் வேலை கிடைக்காது, பெண் கிடைக்காது. நம் ஊரிலும் கைதானவர்களைக் கீழே உட்கார வைத்துப் பின்னால் அதிகாரிகள் நின்று எடுத்துக்கொள்ளும் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றனவே, அதே அநியாயம்தான். எங்கள் தம்பியின் படம் வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கடைக்காரர் அவனை மறுபடி வேலைக்குச் சேர்க்கவில்லை.

ஆகவே நான் கேட்பது ஊருக்குக் காட்டும் பட்டியல் இல்லை, தேடி வரும் குடும்பத்துக்குப் பதில். நிலையத்துப் பலகையில் பெயர் இருக்கட்டும். இணையத்தில் ஆளின் பெயரும் தந்தை பெயரும் கொடுத்துத் தேடுகிறவருக்கு மட்டும் தகவல் கிடைக்கட்டும். படம் வேண்டாம். பதினெட்டு வயது ஆகாதவர்களின் பெயர் எங்கேயும் வரக்கூடாது, அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனால் விசாரணை என்று அழைத்து வந்தாலும், நிலைய வாசலை மிதித்த நேரம் பதிவாக வேண்டும். அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போன வாரம் அந்த நிலையத்தின் பக்கம் போனேன். கட்டடத்துக்குப் புது பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பலகை அதே இடத்தில் இருக்கிறது, கட்டங்கள் இன்னும் காலி. 37ஆவது பிரிவின்படி இந்த நிலையத்துக்குப் பொறுப்பான அதிகாரி யார், பலகை கடைசியாக என்றைக்கு நிரப்பப்பட்டது என்று இரண்டு கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதி, பதிவுத் தபாலில் போட்டிருக்கிறேன். முப்பது நாள் அவகாசம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இங்கே எழுதுகிறேன்.