84 கிலோ தூக்காவிட்டால் என்பிஏ இல்லையா?

"டிராஃப்டுக்கு முந்தைய கம்பைன் சோதனையில் 84 கிலோ பெஞ்ச் பிரஸ் தூக்க முடியாத கல்லூரி வீரரை எந்த என்பிஏ அணியும் எடுக்காது" என்று ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. (என்பிஏ என்பது அமெரிக்கக் கூடைப்பந்து லீக். டிராஃப்ட் என்பது அணிகள் புது வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, கம்பைன் அதற்கு முன் நடக்கும் உடல்திறன் சோதனை. படுத்தபடி எடையை மேலே தள்ளுவதுதான் பெஞ்ச் பிரஸ்.)

கூடைப்பந்து நட்சத்திரம் கெவின் டூரன்ட்டையே பாருங்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு 2007-ல் கம்பைனுக்கு வந்தார். அந்த எடையை ஒருமுறைகூட அவரால் தூக்க முடியவில்லை. கேலி செய்யாதவர் குறைவு. அப்புறம்? சியாட்டில் அணி அவரை இரண்டாவது தேர்வாக எடுத்தது. முதல் சீசனிலேயே சிறந்த புதுமுக வீரர் விருது, 2014-ல் எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க வீரர்) விருது.

கம்பைன் அளவுகள் ஒரு தகவல் மட்டுமே. கல்லூரி ஆட்டங்கள், நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் சேர்த்துத்தான் அணிகள் முடிவெடுக்கின்றன. டிராஃப்ட் வரிசையும் விருதுப் பட்டியலும் என்பிஏ இணையதளத்திலேயே இருக்கின்றன. பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பதிவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.