இலவசமாகப் பெற்றவர்கள் எங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம்

சனிக்கிழமை விருந்தில் நடந்ததைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொள்கிறீர்கள். வயதில் பெரியவரை நான் அவமதித்துவிட்டேனாம். அங்கே சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: விண்ணப்பத்துக்கு ஒரு காசும் கட்டாமல் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்ற ஒருவர், "கட்ட வக்கில்லாதவர்கள் இந்த நாட்டுக்கு ஏன் வரவேண்டும்?" என்று ஓர் இளம் தம்பதியின் முகத்துக்கு நேரே கேட்கக் கூடாது.

அவர் பிரிட்டனில் அந்த உரிமையைப் பெற்றது தொண்ணூறுகளில். நாட்டுக்குள் இருந்தபடி விண்ணப்பிப்பவர்களுக்கு 2003 ஆகஸ்ட் வரை கட்டணமே கிடையாது. வசூலிக்கத் தொடங்கியபோதுகூட, அஞ்சலில் அனுப்பினால் 155 பவுண்டுதான். 2025 ஏப்ரலில் அது 3,029 பவுண்டு ஆனது. அதுவும் தலைக்கு! ஐ.எல்.ஆர். எனப்படும் இந்த நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கான கட்டணத்தில் குழந்தைகளுக்குச் சலுகை இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கும் அப்போது அதே 3,029தான். அந்தக் கணக்கில் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 12,116 பவுண்டு. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.

"அரசுக்கும் செலவு இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கட்டும். எந்த விண்ணப்பத்தைப் பரிசீலிக்க எவ்வளவு ஆகிறது என்ற பட்டியலை உள்துறை அமைச்சகமே வெளியிடுகிறது. ஐ.எல்.ஆருக்கு ஆகும் செலவு, வாங்கும் கட்டணத்தில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

"மருத்துவமனை இலவசம்தானே?" இதைக் கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கிய மருத்துவக் கூடுதல் கட்டணம், 2024 பிப்ரவரியில் 1,035 ஆனது. விசாக் காலம் முழுமைக்கும் முன்பணமாகக் கட்ட வேண்டும். மூன்றாண்டு விசா என்றால், முதல் மாதச் சம்பளத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே 3,105 பவுண்டு போய்விடுகிறது. பிறகு எல்லோரையும் போல வரியும் கட்டுகிறோம். எது இலவசம்? செவிலியர் போன்றோருக்கு விலக்கு உண்டு, தெரியும். மற்றவர்கள் ஒரே மருத்துவமனைக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறார்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் விண்ணப்பம் நிலுவையில் இருந்தபோது அக்கா மகளுக்குத் திருமணம் நிச்சயமானது. முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாகவே கருதுவார்கள். சாதாரண வரிசையில் ஆறு மாதம்கூட ஆகலாம். மறுநாளே முடிவு தெரிய வேண்டுமானால், விண்ணப்பிக்கும்போதே தலைக்கு 1,000 பவுண்டு கூடுதலாகக் கட்டியிருக்க வேண்டும். நால்வருக்கும் கட்டணம் கட்டி முடித்தபோது என் கடன் அட்டையில் அந்த ஆயிரத்துக்கு இடமில்லை. தாய்மாமன் போட வேண்டிய மாலையைச் சித்தப்பா மகன் போட்டான். "மாமன் எங்கே?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். அக்கா என்ன பதில் சொன்னாள் என்பதை இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. பணமிருப்பவனுக்கு மறுநாள், இல்லாதவனுக்கு ஆறு மாதம் என்றால் அது என்ன நியாயம்?

உடனே "கஷ்டம் என்றால் திரும்பிப் போகலாமே" என்பீர்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகள் எங்கே திரும்பிப் போவார்கள்? ஒரு பிள்ளையைக் குடிமகனாகப் பதிவு செய்ய 372 பவுண்டு செலவான காலத்தில் 1,012 பவுண்டு வாங்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படி வசூலிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 2022இல் தீர்ப்பு வந்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். பிள்ளையிடம் லாபம் பார்ப்பதை என் மனம் ஏற்கவில்லை.

இந்த நிலையில், நிரந்தர உரிமைக்கான ஐந்தாண்டுக் காத்திருப்பைப் பத்தாண்டாக்கும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கையில் அறிவித்தார்கள். கூடுதலாக ஐந்தாண்டு என்றால், இதே விகிதத்தில் பெரியவர் ஒருவருக்கு இன்னும் 5,175 பவுண்டு மருத்துவக் கட்டணம். விசா நீட்டிப்புக் கட்டணம் தனி. பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பாமல் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் வீடுகள் எனக்குத் தெரியும். அந்தப் பணத்தைத்தான் கேட்கிறார்கள்.

நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு நாடாளுமன்ற உறுப்பினரை அழைத்துப் பொன்னாடை போர்த்துகின்றன, கூட நின்று படம் எடுத்துக்கொள்கின்றன. அடுத்த பொங்கலுக்கு அதே மேடையில், ஒலிவாங்கி கையில் இருக்கும்போதே, இந்தக் கட்டணத்தை ஏன் குறைக்கவில்லை என்று அவரிடம் கேளுங்கள்.